தீக்குச்சி ஒன்று, உரிமை இருவேறு

காலடிப்பேட்டை என்னும் பெயரைக் கேட்ட அளவில், எவரோ ஓர் அடியாரின் காலடி பதிந்த ஊர் போலும் என்று எண்ணுவார் உளர். உண்மை அதுவன்று. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநனாக இருந்த சோசப்பு காலெட்டு என்னும் ஆங்கிலேயன், கிழக்கிந்திய வணிகக் குழுவுக்குத் துணி நெய்து தருவதற்கென்று திருவொற்றியூரை ஒட்டி நெசவாளரைக் குடியேற்றித் தன் பெயரால் அமைத்த பேட்டை அது. காலெட்டுப்பேட்டை தமிழர் நாவில் உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. அயற்பெயரையும் தன் ஒலிக்குள் அடக்கிக் கொள்ளும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதற்கு இஃதொரு சான்று, அது நிற்க. ஈண்டு எண்ணத் தக்கது வேறொன்று. நெசவாளர்க்கு மனை கிடைத்தது. வழிபடக் கோவிலும் கிடைத்தது. நாள்தோறும் காஞ்சிக்கு நடந்து சென்று வணங்கி வந்த வீரராகவன் என்னும் பணியாளனின் பற்றைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தே ஆளுநன் அங்குப் பெருமாள் கோவிலை எழுப்பினான் என்று ஒரு கதை இன்றும் அவ்வூரில் வழங்குகின்றது. கதை மெய்யோ புனைவோ, ஆண்டான் நெஞ்சு கனிந்தால் அடியவனுக்கு நலமுண்டு, கனியாவிடின் இல்லை என்னும் பழைய ஏற்பாட்டை அது பழுதின்றிக் காட்டிவிடுகின்றது.

இருநூறு ஆண்டுகள் கழித்துத் தறிகள் ஓய்ந்த அக் கடற்கரையில் ஆலைகள் எழுந்தன. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்பீல்டு, விம்கோ தீப்பெட்டி ஆலை எனப் பல. அவற்றுள் விம்கோ, உலகத் தீப்பெட்டி வணிகத்தில் பெரும்பகுதியைத் தன் பிடிக்குள் வைத்திருந்த சுவீடன் நாட்டு நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய கிளையாகும். 2021-இல் வடசென்னைக்கு நீண்ட மெட்ரோ தொடர்வண்டித் தடத்தில் காலடிப்பேட்டை ஒரு நிலையம். விம்கோ நகர் மற்றொன்று. ஆங்கிலேய ஆளுநன் பெயரும் சுவீடன் முதலாளியின் கிளைப்பெயரும் ஒரே தடத்தில் ஒலிக்கின்றன.

ஒரே முதலாளி, ஒரே குச்சி, ஒரே மருந்து. ஆயினும் சுவீடனின் யோன்சோப்பிங்கு நகரத்தில் குச்சி அடுக்கியவனுக்கு முதுமையில் அரசு ஓய்வூதியம் இருந்தது. திருவொற்றியூரில் அடுக்கியவனுக்கு முதுமைக்கென்று சட்டக் காப்பு எதுவும் அன்று இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், "அது செல்வ நாடு, இது வறிய நாடு" என்று ஒரு விடை ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கின்றது. இவ்விடை பொருந்துமாயின் செல்வ நாடுகள் அனைத்தும் தம் மக்களை ஒரே வகையிற் காத்தல் வேண்டும் அன்றோ? அவ்வாறில்லை. பிரான்சு நாடு தன் மொத்த ஆக்கத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் மக்கள் நலத்துக்குச் செலவிடுகின்றது. தென்கொரியா ஏறத்தாழப் பதினைந்தே செலவிடுகின்றது. உலகின் பெருஞ்செல்வ நாடாகிய அமெரிக்காவிலோ 2023-இல் ஏறத்தாழ 2 கோடியே 60 இலக்கம் மக்கள் மருத்துவக் காப்பீடு ஏதுமின்றி இருந்தனர். அந்நாடு மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவிடுகின்றதா என்றால், தன் ஆக்கத்தில் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் செலவிடுகின்றது. எந்த நாடும் அவ்வளவு செலவிடுவதில்லை. ஆகவே வேறுபாட்டின் கரணியம் பணப்பையில் இல்லை.

நலம் யாருக்கு உரியது என்று தொடக்கத்தில் முடிவு செய்யப்பட்ட பொழுது, அம்முடிவை எடுக்கும் இடத்தில் யார் யார் ஒன்றுகூடி நின்றனர் என்பதே கரணியம். செருமானியத்தில் அவ்விடத்தில் நின்றவர் பிசுமார்க்கு. 1878-இல் பொதுவுடைமையாளர்க்குத் தடைச் சட்டம் கொண்டு வந்த அதே கை, 1883-இல் நோய்க் காப்பீட்டையும், 1884-இல் ஆலை நேர்ச்சிக் காப்பீட்டையும், 1889-இல் முதுமைக் காப்பீட்டையும் வழங்கிற்று. தொழிலாளன் கிளர்ச்சிக்காரர் பக்கம் சாயாதிருக்கச் சமைத்த விருந்து அது. எனவேதான் அது தொழிலைப் பற்றி, ஊதியத்தைப் பற்றி, செலுத்திய பங்கைப் பற்றி அமைந்தது. மிகுதியாக ஈட்டியவனுக்கு முதுமையிலும் மிகுதி, குறைவாக ஈட்டியவனுக்குக் குறைவு. இங்கிலாந்திலோ, குண்டுமழையில் சீமானும் கூலியும் ஒரே பதுங்கிடத்தில் படுத்தெழுந்த போர்க்காலத்தில், 1942-இல் பெவரிட்சு அறிக்கை வெளிவந்தது. 1948 சூலை 5-ஆம் நாள் நாட்டு மருத்துவப்பணி தொடங்கிய பொழுது, தொழில் என்ன, பங்கு செலுத்தினாயா என்று எவரையும் அது கேட்கவில்லை.

சுவீடன் கதை இன்னும் சுவையானது. 1913-இல் தன் குடிமக்கள் ஏறத்தாழ அனைவர்க்கும் முதுமை ஊதியம் வகுத்த முதல் நாடு அது. அன்று அது செல்வ நாடன்று. வறுமை தாங்காமல் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட சுவீடியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன காலம் அது. அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் உழவர். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் ஓய்வூதியம், அதற்கு உழவனும் வரி செலுத்த வேண்டும் என்றால் எந்த உழவன் ஒப்புவான்? எனவே உழவனையும் சேர்த்தே சட்டம் எழுத வேண்டியதாயிற்று. சுவீடியர் நெஞ்சில் பிறரினும் மிகுந்த அன்பு சுரந்ததன்று. கணக்கு அவ்வாறு அமைந்தது. பின்னர் 1932-இல் தீப்பெட்டி மன்னன் என உலகறிந்த ஈவார் குரூகர் பாரிசு நகரில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் பேரளவிற் பொய்க்கணக்கு எழுதியது வெளிப்பட்டது. அவனிடம் பணம் பெற்ற செய்தி வெளியாகித் தலைமையமைச்சரே பதவி விலகினார். அவ்வாண்டுத் தேர்தலில் பேர் ஆல்பின் ஆன்சன் தலைமையில் தொழிலாளர் சார்பான கட்சி ஆட்சிக்கு வந்தது. 1933-இல் உழவர் கட்சியோடு உடன்பாடு செய்துகொண்டது. நாடு என்பது மக்கள் அனைவர்க்கும் ஒரு வீடு என்று ஆன்சன் 1928-இலேயே பேசியிருந்தார். அந்த வீட்டுக்குக் கால்கோள் இட்டது தொழிலாளரும் உழவரும் கோத்த கைதான். திருவொற்றியூர்க் குச்சிகளால் வந்த வருவாயும் சேர்ந்த அப் பெருவணிகம் சரிந்த நிலத்தில்தான் சுவீடன் மக்களின் வீடு எழுந்தது என்பதை வடசென்னையார் அறிந்து வைத்திருத்தல் தகும்.

இனி, கைகள் கோவாத நாட்டைப் பார்க்கலாம். 1935-இல் அமெரிக்கா குமுகக் காப்புச் சட்டத்தை இயற்றிற்று. முதுமைக்கும் வேலையின்மைக்கும் அது காப்பளித்தது. ஆனால் பண்ணைக் கூலியரையும் வீட்டு வேலையாளரையும் அது வெளியே நிறுத்திற்று. தென்மாநிலங்களின் கருப்பின மக்களிற் பெரும்பாலோர் அன்று இவ்விரு தொழில்களில்தாம் இருந்தனர். இது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, ஆட்சிமுறை எளிமைக்காகவா என்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெளியே நின்றவர் யார் என்பதில் வேறுபாடு இல்லை. 1950-களில்தான் அவர்களுள் பலர் உள்ளே வந்தனர். மருத்துவமோ, போர்க்காலத்தில் ஊதிய உயர்வுக்குத் தடையிருந்தமையால் நிறுவனங்கள் ஆளிழுக்கக் கொடுத்த சலுகையாகத் தொடங்கி, முதலாளியின் கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. வேலை போயிற்றென்றால் மருத்துவரும் போயிற்று. உதவி பெறுபவன் தன் நிறத்தவன் அல்லன் என்று எண்ணுமிடத்து வரி கொடுப்பவனின் கை சுருங்குகின்றது என்று அல்பெர்ட்டோ அலெசினாவும் எட்வர்டு கிளேசரும் 2004-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளனர்.

இதைப் படித்து "அமெரிக்கரின் நிறவெறி" என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன் புளியந்தோப்பை நினைத்தல் நன்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்பிரலில் பெரம்பூர்ப் பக்கிங்காம் கருநாடக ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். மூன்றே ஆண்டுகளில், 1921-இன் பெரும் வேலைநிறுத்தத்தில், ஆதித்திராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, தொழிலாளர் தொழிலாளரோடு மோதினர், துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது, வேலைநிறுத்தம் முறிந்தது. சேராதவர் மீது பழி போடுதல் எளிது. ஆனால் தெருவில் தீண்டாதே என்றவன், ஆலை வாயிலில் மட்டும் தோழனே வா என்று அழைத்தால் அவ்வழைப்பை எவன் நம்புவான்? வென்றது முதலாளி. கூடி நிற்கத் தெரியாத தொழிலாளருக்கு அமெரிக்காவிலும் அதுதான் கிடைத்தது, பெரம்பூரிலும் அதுதான் கிடைத்தது.

இங்கிலாந்து நாட்டு மருத்துவப்பணியைத் தொடங்கிய அதே 1948-இல் இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மக்கள் வாயில் அது ஈ.எசு.ஐ. அதற்கு ஈராண்டு முன்பே, 1946-இல், பணம் இல்லாமையால் ஒருவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று போர் குழு பரிந்துரைத்திருந்தது. நாடு முழுமைக்கும் அதைச் செய்யப் பொருளில்லை என்றனர். எனவே அதார்க்கர் 1944-இல் வரைந்து தந்த வழியில் ஆலைத் தொழிலாளர்க்கு மட்டும் காப்பீடு வந்தது. 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிற்று. 1954-இல் நடுவண் அரசு தன் பணியாளர்க்குத் தனியே ஒரு மருத்துவத் திட்டம் அமைத்துக்கொண்டது. அதற்கு மட்டும் பொருள் இருந்தது போலும்!

ஈ.எசு.ஐ. தீமையானதன்று. வடசென்னையில் அதனால் பிழைத்த உயிர்கள் மிகப் பல. ஆலையில் விரலிழந்தவனுக்கும் மகப்பேற்று விடுப்பில் இருப்பவளுக்கும் அது தந்த ஊதியம் கொடையன்று, உரிமை. எனினும் அவ்வுரிமை செருமானிய வார்ப்பில் வந்தமையால் ஆலை வாயிலோடு நின்றுவிடுகின்றது. 2019 முதல் முதலாளி தம் பங்காக ஊதியத்தில் நூற்றுக்கு 3.25-உம், தொழிலாளி 0.75-உம் செலுத்தும் ஏற்பாடு. 2017-இல் வகுத்த ஊதிய எல்லை திங்களுக்கு 21,000 உருபா. அதைத் தாண்டினால் வெளியே. பத்துப் பேர்க்குக் குறைந்த பட்டறையில் இருந்தால் வெளியே. ஒப்பந்தக்காரன் வழி வந்தவனுக்கும் சட்டப்படி உரிமை உண்டு; ஆனால் ஒப்பந்தம் முறிந்து ஆறு திங்கள் வேலையின்றி இருந்து, மறுபடி வேறொருவன் வழியே சேர்பவனின் காப்பு துண்டு துண்டாக அறுந்து போகின்றது. காசிமேட்டு மீனவரும், துறைமுகச் சாலையில் சுமை ஏற்றுவோரும், வீடு வீடாகப் பாத்திரம் துலக்கும் பெண்டிரும் அவ்வாயிலை மிதித்ததே இல்லை. இவர்களுக்கென்று தமிழக அரசு 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வாரியங்களை அமைத்தது பாராட்டத்தக்கது. ஆயினும் வாரியத்தின் கை ஈ.எசு.ஐ.யின் கையளவு நீண்டதன்று. 2020-இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்த குமுகக் காப்புச் சட்டத்தொகுப்பும் ஈ.எசு.ஐ.க்குப் பத்துப் பேர் என்னும் அளவையே பெரும்பாலும் காத்து வைத்திருக்கின்றது.

என்பீல்டு வண்டியை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். 1955-இல் இங்கிலாந்திலிருந்து திருவொற்றியூருக்கு வந்த வண்டி அது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970 அளவில் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. அங்கு வேலையிழந்தவனுக்கு வேலைதான் போயிற்று, மருத்துவர் போகவில்லை. திருவொற்றியூரில் ஓர் ஆலை மூடினால் இரண்டும் சேர்ந்து போகும். அதன்பின் அவன் செல்லுமிடம் இராயபுரத்துப் பக்கம் உள்ள இசுட்டான்லி மருத்துவமனை. அங்கு மட்டும் எவரும் அவனைப் பார்த்து நீ எந்த ஆலை என்று கேட்பதில்லை.

தமிழகத்தின் தனிச்சிறப்பு இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. 1920-இல் பி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகலுணவு தொடங்கிற்று. மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. 1956-இல் காமராசர் அதை மாநிலப் பள்ளிகளுக்கு விரித்தார். 1982 சூலை முதல் நாள் ம.கோ.இரா. அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. அரசுப் பள்ளிப் பந்தியில் அமரும் குழந்தையின் தந்தை நிலைப்பணியாளனா, ஒப்பந்தக் கூலியா, வேலையற்றவனா என்று சோறு கேட்பதில்லை. பங்கீட்டுக் கடை அரிசியும் அவ்வாறே. 1997-இல் நடுவண் அரசு மக்களை வறுமைக்கோட்டின் மேலோர், கீழோர் என இரண்டாகப் பிரித்து, கீழோர்க்கே குறைந்த விலை என்றது. தமிழகம் அப்பிரிவினையை ஏற்கவில்லை. 2013-இன் உணவுக் காப்புச் சட்டத்தில் 2016-இல் சேர்ந்த பொழுதும் அனைவர்க்கும் அரிசி என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டைக் கிழித்த மாநிலங்களிலோ, கீழ்க்கோட்டு அட்டை கிடைக்காத ஏழையர் பலர் கடை வாயிலில் வெறுங்கையோடு நின்றனர். ஏழையர்க்கு மட்டும் என்று குறுக்கிய நாடுகளை விட, அனைவர்க்கும் என்று விரித்த நாடுகளிலேயே வறுமை மிகுதியாகக் குறைந்தது எனச் சுவீடன் அறிஞர் வால்டர் கோர்ப்பியும் இயோக்கிம் பால்மேயும் 1998-இல் கண்டு எழுதினர். தனக்கும் பங்குள்ள பந்தியையே இடைநிலையினன் காக்கின்றான். தனக்கு இலையில்லாத பந்திக்கு அவன் வரி தர முணுமுணுப்பான்.

தமிழகமும் கேரளமும் பிற மாநிலங்களை விட இவ்வழியில் முந்தியதற்குக் கரணியம், ஒரு மொழியினர் ஓரினத்தார் என்னும் உணர்வே என்று பிரேர்ணா சிங்கு என்னும் அறிஞர் 2015-இல் வெளியிட்ட நூலில் நிறுவுகின்றார். தமிழுணர்வு வெறும் சொல்லாராய்ச்சி என்று நகைப்பவர்க்கு இது தக்க விடை. ஆனால் அவ்விடையைச் சுவைப்பவர் அதன் மறுபக்கத்தையும் விழுங்கியாக வேண்டும். இன்று காலடிப்பேட்டையிலும் எண்ணூரிலும் ஒரே அறையில் பலராய் ஒடுங்கிக் கிடக்கும் ஒடியரும் பீகாரியரும் வேண்டப்படாதவராய் நடத்தப்படுகின்றனர். அவர்களை இங்கு இழுத்து வருவது அவர்கள் மொழியன்று, அவர்களுக்கு ஈ.எசு.ஐ. கட்டாமல், பணிக்கொடை கொடாமல் வேலை வாங்கலாம் என்னும் முதலாளியின் கணக்கு. ஒப்பந்தக் கூலிக்கும் நிலைப்பணியாளனுக்கும் ஒரே ஊதியம், ஒரே காப்பு என்று ஆக்கிவிட்டால் அக்கணக்கு அந்நாளிலேயே பொய்த்துப் போகும். தமிழ்த் தொழிலாளியின் வேலையும் நிற்கும். புளியந்தோப்பில் செய்த பிழையை எண்ணூரில் வேறு பெயரிட்டுச் செய்வதற்குத் தமிழுணர்வைத் துணைக்கழைத்தல் தகாது.

2022 சூலையில் இந்தியத் தலைமையமைச்சர், மக்களுக்கு விலையின்றி வழங்கி வாக்குத் தேடுவதை 'ரேவடி' என்று எள்ளினார். ரேவடி என்பது வடநாட்டார் எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் தின்பண்டம். குழந்தையின் பள்ளிச் சோறு தின்பண்டமாம். பெருநிறுவனங்களுக்கு விட்டுக்கொடுக்கும் வரி மட்டும் ஊக்கமாம்! சொல்லில்தான் சூழ்ச்சி தொடங்குகின்றது. தமிழரும் 'இலவசம்', 'தருமம்' என்று சொல்லிச் சொல்லியே தம் உரிமையைப் பிச்சையாக்கிக் கொண்டனர். 2011-இல் அரசு ஆவணங்களில் 'விலையில்லா' என்று மாற்றியதைச் சிலர் வெறும் சொல்மாற்றம் என்றனர். விலையில்லாதது எனலாம், பொதுவில் கொடுத்தது எனலாம். மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாய் மாறிய பொழுது அங்கு உண்டவரை எவரும் இரவலர் என்று பிரித்துக் குறி வைக்கவில்லை.

அந்த ஒழுங்கு முதியோர் ஓய்வூதியத்தில் மட்டும் தமிழகத்தில் இன்னும் வரவில்லை. 1962-இல் இங்கு அது திங்களுக்கு 20 உருபாவாகத் தொடங்கிற்று. 2023-இல் 1,200 ஆக உயர்ந்தது. இதில் நடுவண் அரசின் பங்கு, எண்பது அகவைக்கு உட்பட்டோர்க்கு, 2007-இல் வகுத்த 200 உருபாவே. பெறுபவர் தாம் ஆதரவற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். முப்பது ஆண்டு மீன் அறுத்து விற்ற கிழவி, தன் மகன் தனக்குச் சோறு போடுவதில்லை என்று அலுவலர் முன் நின்று சொன்னாலன்றி அவளுக்கு ஓய்வூதியம் இல்லை; சொல்ல நாணியவள் வெறுங்கையோடு திரும்புகின்றாள். இன்றைய தமிழகத்தினும் வறிய நிலையில், தன் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த 1913-ஆம் ஆண்டுச் சுவீடன், தன் கிழவியரிடம் அவ்வாறு சொல்லச் சொல்லவில்லை. அறுபது நிறைந்த தமிழர் எவர்க்கும், மகன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆலையில் உழைத்திருந்தாலும் கரையில் உழைத்திருந்தாலும் ஓய்வூதியம் என்று சட்டம் வரும்வரை, காலடிப்பேட்டையில் காலெட்டின் காலம் முடிந்துவிட்டதாகச் சொல்ல இயலாது.